நிக்கோ பூங்காவில் கைக்குழந்தையுடன் ஒரு நாள்

“கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதா?” என்று கேட்டவர்கள் பலர். ஊரிலிருந்து தொலைபேசியில் என் தாயார் கேட்டார். அலுவலகத்தில் அடுத்த மேசை நண்பர் கேட்டார். உண்மையைச் சொல்வதானால், புறப்படும் நாள் காலை வரையில் நானே என்னை அவ்வாறுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். போய் வந்த பிறகு, நம் சங்கத்துக் குடும்பங்களிலும் சிறு குழந்தையை எண்ணி எங்கும் புறப்படாமல் வீட்டோடு இருப்போர் சிலர் உளர் என்று அறிந்தேன். அவர்களுக்குப் பயன்படலாம் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நான் எழுத்தாளன் அல்லன்; கரக்பூரில் ரயில்வே குமாஸ்தா. கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

ஒரு வாக்குறுதி

எங்களுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவளுக்கு ஏழு வயது. இளையவனுக்குப் பயணத்தின்போது பதினொரு மாதம். அவன் நாள் நிறையுமுன்பே பிறந்தவன். மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று வாரம் கிடந்தான். அந்த மூன்று வாரமும் மூத்தவளை அண்டை வீட்டுத் தெலுங்கு அம்மையார்தாம் தம் மக்களுள் ஒருத்தியாக வைத்துக்கொண்டார். அப்போது அவளைத் தேற்றும்பொருட்டு, “தம்பி வீட்டுக்கு வரட்டும், உன்னைக் கொல்கத்தாவில் நிக்கோ பார்க்குக்கு அழைத்துப் போகிறேன்” என்று சொல்லிவைத்தேன்.

தம்பி வீட்டுக்கு வந்தான். ஆயினும் போகவில்லை. முதலில் கோடை, பிறகு மழை, பிறகு அவனுக்குச் சளி. ஒருநாள் இரவு படுக்கையில் அவள் கேட்டாள்: “அப்பா, தம்பி பெரியவனாகிற வரைக்கும் நாம் எங்கேயும் போகமாட்டோமா? அதற்குள் நானும் பெரியவளாகிவிடுவேனே!”

இதற்கு என்னிடம் விடை இல்லை. ஊராக இருந்தால் குழந்தையைப் பாட்டியிடமோ அத்தையிடமோ விட்டுவிட்டு ஒரு பகல் போய் வரலாம். பிழைப்பை நாடி வடக்கே வந்துவிட்ட நமக்கு அந்த வசதி கிடையாது. போனால் நால்வரும் போகவேண்டும். இல்லையேல் நால்வரும் வீட்டில் இருக்கவேண்டும். பதினொரு மாதம் நால்வரும் வீட்டில் இருந்தாயிற்று. சென்ற ஜனவரியில் ஒரு வாரநாளைத் தேர்ந்து விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

புறப்பாடு

எங்கள் கரக்பூர் நடைமேடை 1072.5 மீட்டர் நீளம் உடையது. ஒரு காலத்தில் உலகிலேயே மிக நீளமானது என்ற பெயர் அதற்கு இருந்தது. 2013இல் கோரக்பூர் 1366 மீட்டராலும், 2023இல் ஹுப்பள்ளி 1507 மீட்டராலும் அப்பெயரை வாங்கிக்கொண்டன. ஆனால் ஒரு தோளில் குழந்தையும் மறு தோளில் பையுமாக விடியற்குளிரில் நடப்பவனுக்கு இன்றும் எங்கள் மேடைதான் நீளமானது.

ஹவுராவுக்கு 115 கிலோமீட்டர். காலை உள்ளூர் வண்டியில் ஏறினோம். பாஞ்ஸ்குடாவில் பூக்கூடைகள் ஏறின; கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றுப் பாலத்தை வண்டி கடந்தபோது ஆறு முழுவதும் பனிமூட்டம். பிள்ளை சன்னலோரம் அமைதியாகத்தான் இருந்தான். அமைதி இழந்தவர்கள் எதிரிலிருந்த வங்காளப் பெண்மணிகளே. “குழந்தைக்குத் தொப்பி எங்கே? குளிர் பிடித்துவிடுமே!” என்றார் ஒருவர். சால்வையால் போர்த்தியிருப்பதை என் மனைவி காட்டினாள். அது செல்லுபடியாகவில்லை. அடுத்த நிலையத்தில் ஏறிய மற்றொருவரும் அதையே கேட்டார். வங்காளத்தில் டிசம்பர் பிறந்துவிட்டால் பச்சைக் குழந்தை முதல் பல்லில்லாத கிழவர் வரை அனைவர் தலையிலும் குரங்குக் குல்லா ஏறிவிடும். ஹவுராவில் இறங்கியதும் நான் செய்த முதற்செலவு, சிவப்புக் கம்பளிக் குல்லா ஒன்று. அதை அணிந்த பிறகு எவரும் எங்களைக் கண்டிக்கவில்லை.

ஆற்றின் அடியில்

முன்பெல்லாம் ஹவுராவிலிருந்து பூங்காவுக்குப் பேருந்தில் போவதே கைக்குழந்தைக்காரருக்குப் பெருஞ்சோதனை. பாலத்தில் நெரிசல், நகருக்குள் நெரிசல், பிறகு புறவழிச்சாலையில் நெரிசல். இன்று அத்துன்பம் இல்லை. 2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றின் அடியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் எஸ்பிளனேடுக்கும் சியால்தாவுக்கும் இடையே விடுபட்டிருந்த பகுதியும் திறக்கப்பட்டது. ஆகவே ஹவுராவில் ஏறியவர் சால்ட் லேக்கின் செக்டர் ஐந்து நிலையம் வரையில் வண்டி மாறாமல் செல்லலாம்.

ஹவுரா மெட்ரோ நிலையம் நாட்டிலேயே மிக ஆழமான நிலையங்களுள் ஒன்று. நகரும் படிக்கட்டில் இறங்கிக்கொண்டே இருக்கிறோம், முடிவதாகத் தெரியவில்லை. என் மனைவி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, “நம் தலைக்கு மேலே ஆறா?” என்று கேட்டாள். ரயில்வேக்காரன் என்னும் பெருமிதத்தோடு, ஆற்றின் அடியில் உள்ள சுரங்கம் 520 மீட்டர்தான், கடக்க முக்கால் நிமிடம் போதும் என்று விளக்கினேன். ஆறு தொடங்குமிடத்தில் சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் தெரிந்தன. மூத்தவள் உரக்க எண்ணத் தொடங்கினாள். அவள் நாற்பத்தேழு சொல்லும்போது நீலம் மறைந்தது. பிள்ளை அந்த நீல ஒளியைக் கண்டு கை தட்டினான். அன்று அவன் கண்ட முதல் வேடிக்கை அதுவே.

பூங்கா

சால்ட் லேக் என்பது பெயருக்கேற்ப ஒரு காலத்தில் உவர்நீர்ச் சதுப்பு. டாக்டர் விதான் சந்திர ராய் முதலமைச்சராயிருந்தபோது திட்டமிட்டு, 1960களில் ஹூக்ளியின் வண்டலை நீரோடு கலந்து குழாய் வழியே கொண்டுவந்து கொட்டி மேடாக்கி எழுப்பிய நகரம் அது. அதன் ஒரு பக்கத்தில் ‘ஜீல்மீல்’ எனும் இடத்தில் 1991 அக்டோபரில் நிக்கோ பூங்கா திறக்கப்பட்டது. சுமார் 40 ஏக்கர் பரப்பு. நிலையத்திலிருந்து ஆட்டோவில் சிறிது நேரத்தில் போய்விடலாம்.

உள்ளே நுழைந்ததும் மூத்தவளின் கால்கள் தரையில் நிற்கவில்லை. தலைக்கு மேலே கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் வண்டிகள்; அப்பால் ஈபிள் கோபுரத்தைப்போல் ஒரு சிறு கோபுரம்; எங்கிருந்தோ கூச்சலோடு இறங்கும் ரோலர் கோஸ்டர். எனக்கோ மனத்தில் வேறு கணக்கு. இவ்வளவில் எது பதினொரு மாதத்துப் பிள்ளைக்கு ஆகும்?

புறப்படுமுன் மருத்துவர் சொல்லியிருந்தது இதுதான். சிறு குழந்தைக்கு உடலை நோக்கத் தலை பெரிது. கழுத்துத் தசை வலுவற்றது. ஆதலால் குலுக்குவதும் சுழற்றுவதும் சட்டென்று நிற்பதுமான எதிலும், மடியில் வைத்துக்கொண்டாலும்கூட, ஏற்றலாகாது. ஒலிபெருக்கியின் அருகிலும் நிற்கவேண்டா. இவற்றை விலக்கிவிட்டால் எஞ்சுவது மரநிழல், புல்தரை, குளம், வேடிக்கை மனிதர், ஒரு சிறு ரயில். எஞ்சியது குறைவு என்றுதான் அப்போது எண்ணினேன்.

படகு விழுந்த நேரம்

மூத்தவள் கேட்டது, உயரத்திலிருந்து சரிவில் பாய்ந்து குளத்து நீரில் விழும் படகு. பெரியவர் ஒருவர் அவளோடு செல்லவேண்டும். நான் எழுந்தேன். அவளோ, “அம்மா வரட்டும்” என்றாள்.

என் மனைவி பிள்ளையைப் பார்த்தாள். மருத்துவமனையை விட்டு வந்த நாள் முதல் அவள் அவனைக் கண்ணுக்கு மறைவாக விட்டதில்லை. குளிக்கப் போனாலும் கதவை ஒருச்சாய்த்து வைப்பாள். “அழுவானே” என்றாள். “நான் இருக்கிறேன்” என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். இருவரும் வரிசையில் போய் நின்றார்கள்.

அவர்கள் தலை மறைந்ததுதான் தாமதம், பிள்ளை அழத் தொடங்கினான். தோளில் போட்டேன், தட்டினேன், சாவிக்கொத்தை ஆட்டினேன், பாடவும் பாடினேன். எதுவும் பலிக்கவில்லை. அப்பொழுதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இப்பிள்ளையை நான் பெரும்பாலும் உறங்கும்போதே கண்டிருக்கிறேன். அலுவல் முடிந்து வருவேன், தொட்டிலில் எட்டிப்பார்ப்பேன். அழும்போது எப்படித் தேற்றுவது என்பதை இந்தப் பதினொரு மாதத்தில் நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

பக்கத்துப் பலகையில் ஒரு வங்காள மூதாட்டி கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பைகளுக்குக் காவலிருந்தவர். எதுவும் கேட்காமல் கையை நீட்டினார். பிள்ளையை முதுகு அவர் மார்பில் சாயும்படி, முகம் வெளிப்புறம் நோக்க, நிமிர்த்தி வைத்துக்கொண்டு குளத்தைக் காட்டினார். அழுகை விம்மலாகி, விம்மல் நின்றது. “இவன் உங்கள் தோளுக்குப் பின்னால் உள்ளதைப் பார்க்க விரும்பவில்லை; எல்லோரையும்போல் முன்னால் உள்ளதைத்தான் பார்க்க விரும்புகிறான்” என்றார்.

பிறகு, “முகே பாத் ஆயிற்றா?” என்று விசாரித்தார். குழந்தைக்கு முதன்முதல் சோறூட்டும் சடங்கை அவர்கள் அவ்வாறு சொல்வார்கள். ஆண் குழந்தைக்கு ஆறாம் மாதம். தாய்மாமன் ஊட்டுவது அவர்களது வழக்கம். ஆயிற்று என்றேன். மாமன் வந்தாரா என்றார். ஊரிலிருந்து வர இயலவில்லை, நானே ஊட்டினேன் என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. “அதனால் என்ன? ஊட்டியது சோறுதானே” என்று சொல்லிப் பிள்ளையை, தாம் வைத்திருந்தபடியே, முகம் முன்னோக்க என் கைக்கு மாற்றினார்.

அதே வேளையில் படகு சரிவின் உச்சியில் தெரிந்தது. இறங்கியது, நீர்த்திரை எழுந்தது. அதற்குள்ளிருந்து என் மனைவியின் சிரிப்பொலி கேட்டது. அவ்வொலியைக் கேட்டு ஓராண்டுக்கு மேலாகிறது என்பது கேட்டபோதுதான் தெரிந்தது. பிள்ளை என் கைகளில் துள்ளி, குளத்தை நோக்கி இரு கைகளையும் நீட்டினான்.

சிறு ரயில்

பின்னும் பல ஆட்டங்களில் முறை மாறி மாறி ஏறினோம். ஒருவர் ஏற, ஒருவர் பிள்ளையோடு. நண்பகலில் மரத்தடியில் விரிப்பு விரித்து, கட்டிக் கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றை உண்டோம். பிள்ளைக்குக் குடுவையில் வெந்நீரும் பொட்டலத்தில் கஞ்சிமாவும் வைத்திருந்தோம். உண்டு முடித்து ஒரு மணிநேரம் விரிப்பிலேயே உறங்கினான். சுற்றிலும் அவ்வளவு ஆரவாரம் இருந்தும் விழிக்கவில்லை.

கடைசியாக நால்வரும் சேர்ந்து ஏறியது சிறு ரயிலில். நாள்தோறும் ரயில் கணக்கெழுதுபவனுக்குப் பொம்மை ரயிலில் என்ன புதுமை என்று எண்ணவேண்டா. மூத்தவள் தம்பியைத் தன் மடியில் வைத்துக்கொள்வதாகப் பிடிவாதம் செய்தாள். அவனை முகம் முன்னோக்க அமர்த்தி, குல்லாவைச் சரிசெய்து, இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டாள். மரங்களுக்கிடையே வண்டி ஊர்ந்தது. “அதோ பார், குளம். அதோ பார், அம்மா விழுந்த படகு” என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். முன்னர்க் குறைவென்று நான் எண்ணியது எவ்வளவு நிறைவானது என்பதை அவர்களுக்கு எதிரே அமர்ந்து கண்டேன்.

செல்ல விரும்புவோர்க்கு

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களையும் ஞாயிறையும் விலக்குக. கூட்டம் பொறுக்க முடியாது. தள்ளுவண்டியை விடத் துணித்தூளி நலம். மெட்ரோ படிகளில் கை ஓய்ந்திருக்கும். மாற்றுடை குழந்தைக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் ஒன்று வேண்டும். படகில் எவரும் உலர்ந்து இறங்குவதில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டாவிடின் ரயிலில் சீட்டு வாங்கவேண்டியதில்லை. குல்லாவை வீட்டிலிருந்தே அணிவித்துச் செல்லுங்கள்.

திரும்பும் வண்டியில் இரு குழந்தைகளும் உறங்கிவிட்டனர். கரக்பூர் நெருங்கும்போது மூத்தவள் கண் விழித்து, “தம்பிக்கு இது நினைவிருக்குமா?” என்று கேட்டாள். இராது என்றேன். “அப்படியானால் அவன் பெரியவனானதும் நான் சொல்லிக்கொள்கிறேன்” என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

நீண்ட நடைமேடையில் இறங்கினோம். இம்முறை பையை என் மனைவி சுமந்தாள். பிள்ளையை நான் சுமந்தேன். விழித்துக்கொண்டால் பார்க்கட்டும் என்று, முகம் முன்னோக்க.