ட்ரீக்கிளுக்கு மராத்தியில் என்ன பெயர்?

ஆங்கிலேயர் வீட்டு அடுப்பில் உருவாகும் கேக், பிஸ்கட், புட்டிங் வகைகளின் படங்களை நான் அவ்வப்போது இங்கே இடுவதைப் பார்த்த நண்பர்கள் பலர், “இவற்றுக்கான பொருள்களைப் புனேயில் எங்கே பிடிக்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடையளிப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று எண்ணினேன். கடைகளின் பட்டியலாகத் தொடங்கிய குறிப்பு, எழுத எழுத வேறொன்றாக மாறிவிட்டது. செய்முறை மட்டும் வேண்டுவோர், இறுதிக்குச் சற்று முன்னால் உள்ள பத்திக்கு நேரே சென்றுவிடலாம்.

மொழியியல் படித்தவர்களுக்கு எதையும் வகைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் விடாது. ஆங்கிலச் சமையற்குறிப்புகளில் வரும் பொருள்களை நான் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

முதல் வகை, பெயர் வேறாகவும் பொருள் ஒன்றாகவும் இருப்பவை. கேஸ்டர் சுகர் என்பது தூவும் கிண்ணத்தின் பெயரால் அமைந்த சொல். சர்க்கரையின் மணி அக்கிண்ணத்தின் துளை வழியே விழும் அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும், அவ்வளவே. நம் சர்க்கரையை மிக்சியில் இரண்டு சுற்றுச் சுற்றி, மாவாகும் முன் நிறுத்தினால் அது கிடைத்துவிடும். தானே உப்பும் மாவு என்று அவர்கள் விற்பது, பிரிஸ்டல் நகரத்து ஹென்றி ஜோன்ஸ் 1845இல் காப்புரிமை பெற்ற கலவை. 100 கிராம் மைதாவுக்கு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்து இருமுறை சலித்தால் நம் வீட்டிலும் அதே மாவுதான். மஸ்கவாடோ என்ற பெருமிதமான பெயரோடு வருவதற்கு நம் நாட்டுச் சர்க்கரை சற்றும் குறைந்ததன்று.

இரண்டாம் வகை, பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருப்பவை. மொழிபெயர்ப்பாளர்களை வழிதவறச் செய்யும் போலி நண்பர்கள் சமையலறையிலும் உண்டு. ஆங்கிலேயரின் டபுள் கிரீமில் ஏறத்தாழ 48 விழுக்காடு கொழுப்பு; நம் கடைகளில் அட்டைப்பெட்டியில் கிடைக்கும் கிரீமில் பெரும்பாலும் 25 விழுக்காடு. முன்னதைக் கடைந்தால் நுரைத்து நிற்கும். பின்னதை நாள் முழுதும் கடைந்தாலும் நிற்காது. ஓட்ஸும் அப்படித்தான். நம் கடைகளில் கிடைப்பது அவல் போல நசுக்கியது. யார்க்‌ஷயர் குறிப்புகள் கேட்பது ரவை போல உடைத்தது. ஆல்ஸ்பைஸ் கேட்டபோது ஒரு கடைக்காரர் மிக நம்பிக்கையோடு கரம் மசாலாப் பொட்டலத்தை நீட்டினார். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அவர் தருக்கம் சரிதான். ஆனால் அது கலவையன்று. ஜமைக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய ஒரே மரத்தின் காய். கேரளத்தில் அதற்குச் சர்வசுகந்தி என்று பெயர்.

மூன்றாம் வகை, பெயரும் இல்லாமல் பொருளும் இல்லாமல் இருப்பவை. கோல்டன் சிரப், கறுப்பு ட்ரீக்கிள் இரண்டும் இந்த வகை. அகராதியியலில் இதைச் சொல் இடைவெளி என்போம். என் கதை இந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது.

அதற்கு முன் ஓர் எதிர்ச்சான்று. பர்மிங்காமில் வாழ்ந்த ஆல்ஃபிரட் பர்ட் என்னும் வேதியியலர், முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காக 1837இல் சோளமாவைக் கொண்டு முட்டையில்லாத கஸ்டர்டை உருவாக்கினார். ஒரு பெண்ணின் உடல்நலம் கருதிச் செய்த அந்தப் பொடி, முட்டையை விலக்கும் கோடிக்கணக்கானோர் வாழும் இந்நாட்டில் வேரூன்றிவிட்டது. தெருமுனை மளிகைக் கடையில்கூட அது கிடைக்கிறது. அதை ஆங்கிலேயப் பண்டம் என்று யாரும் நினைப்பதில்லை. புனேயின் கேம்ப் பகுதியில் 1955 முதல் இயங்கும் கயானி பேக்கரியில் வரிசையில் நின்று மக்கள் வாங்கிச் செல்லும் ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டும் அப்படித்தான். பெயர் இங்கிலாந்தின் ஷ்ராப்‌ஷயர் மாவட்டத்து ஊரினுடையது. சுவை இரானியர் பேக்கரியினுடையது. வாங்குகிறவர்களுக்கு அது புனேக்காரர்களின் பிஸ்கட். ஒரு பண்டம் இடம்பெயரும்போது தன் உருவத்தைக் காத்துக்கொண்டு பிழைப்பதும் உண்டு, பெயரை மட்டும் காத்துக்கொண்டு பிழைப்பதும் உண்டு.

இனிக் கதைக்கு வருகிறேன். மராத்தி வினைச்சொற்களை ஆய்வு செய்ய லீட்ஸ் நகரத்திலிருந்து ஓராண்டு வந்திருந்த தோழி ஒருவர், 2024இல் எங்கள் வீட்டின் மாடி அறையில் தங்கியிருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் அவருடைய பாட்டி காலமானார். பயணச்சீட்டின் விலையும் களப்பணியின் நாள்களும் இடங்கொடுக்காததால் அவரால் இறுதிச் சடங்குக்குச் செல்ல இயலவில்லை. இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவர், தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பாட்டியின் கையெழுத்தில், எண்ணெய்க் கறை படிந்த ஓர் அட்டை: பார்க்கின் செய்முறை.

பார்க்கின் என்பது யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளில் ஓட்ஸ் ரவை, இஞ்சி, ட்ரீக்கிள் சேர்த்துச் செய்யும் கருமையான கேக். 1605ஆம் ஆண்டு நவம்பர் 5 அன்று நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க முயன்று பிடிபட்ட கை ஃபாக்ஸின் நினைவாக, ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் தீமூட்டி, வாணம் விட்டு, இதைத் தின்பார்கள். “பாட்டி இல்லாத முதல் நவம்பர் 5 இது. பார்க்கின் இருக்க வேண்டும். ஆனால் அட்டையில் எழுதியபடி இருக்க வேண்டும். வேறு எதையாவது போட்டால் அது பார்க்கின் இல்லை” என்றார் தோழி. துக்கத்தில் இருப்பவரிடம் வாதாடக் கூடாது. தேடத் தொடங்கினோம்.

கேம்ப்பின் பழைய அங்காடிகளில் விசாரித்தோம். ஓரிடத்தில் இறக்குமதிச் சரக்கு வந்து பல மாதங்களாயிற்று என்றார்கள். இணையக் கடையொன்று, என் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவை வாங்கிக்கொண்டு, பயன்படுத்தும் காலம் முடிந்த கோல்டன் சிரப் டப்பாவை அனுப்பியது. ஏப்ரம் லைல் 1883இல் லண்டனில் விற்கத் தொடங்கிய பாகு அது. 1885 முதல் பச்சையும் பொன்னிறமும் கலந்த அந்த டப்பாவில் வருகிறது. அதன்மேல் இறந்த சிங்கத்தையும் சுற்றிலும் தேனீக்களையும் பார்த்த தோழி முதன்முறையாக அழுதார். பாட்டி வீட்டில் பொத்தான்கள் போட்டு வைத்திருந்தது அதே டப்பாவில்தானாம்.

கறுப்பு ட்ரீக்கிள் எங்கும் கிடைக்கவில்லை. அன்றிரவு, தொழிற்பழக்கத்தால், அச்சொல்லின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். கிரேக்கத்தில் காட்டு விலங்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து, நச்சு உயிரிகளின் கடிக்கு மாற்று மருந்து என்ற பொருளில் தேரியாக்கே பிறந்தது. அது லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. மூலிகைகளைத் தேனில் குழைத்துச் செய்த அம்மருந்து காலப்போக்கில் மறைய, குழைத்த பாகு மட்டும் சொல்லோடு எஞ்சியது. சர்க்கரை ஆலைகளின் கழிவுப் பாகுக்கு அப்பெயர் வந்தது. கரீபியத் தீவுகளில் அடிமைகளாக்கப்பட்டவர்களின் உழைப்பில் விளைந்த கரும்பு, வட இங்கிலாந்தின் ஏழைகளுக்கு மலிவான இனிப்பாக வந்து சேர்ந்த வரலாறும் அந்தக் கருமைக்குள் இருக்கிறது. மருந்தாகத் தொடங்கி இனிப்பாக முடிந்த பண்டம் என்றதும் எனக்கு நம் தீபாவளி லேகியம் நினைவுக்கு வந்தது. சுக்கு, வெல்லம், நெய். பார்க்கினிலும் சுக்கு, கரும்புப் பாகு, கொழுப்பு.

மறுநாள் காலை மண்டைக்குச் சென்றேன். கோலாப்பூர்ப் பக்கத்து வெல்ல ஆலைகளில், கரும்புச்சாறு கட்டியாகும் முன்னரே இறக்கி எடுக்கும் பாகு புனேயில் எளிதாகக் கிடைக்கும். மராத்தியில் அதற்குக் காக்வி என்று பெயர். சூடான பாக்ரியோடு நெய் விட்டுத் தொட்டுக்கொள்வார்கள். கருஞ்சிவப்பு நிறம், இழுபடும் கனம், இனிப்பின் அடியில் மெல்லிய கசப்பு, நாவில் லேசான புளிப்பு. தோழியிடம் ஒரு கரண்டி நீட்டினேன். சுவைத்துவிட்டு, “நெருங்கி வருகிறது. ஆனால் அட்டையில் இது இல்லையே” என்றார்.

அப்போதுதான் அட்டையை இருவரும் சேர்ந்து ஊன்றிப் படித்தோம். வெண்ணெய் என்ற சொல்லே அதில் இல்லை, மார்ஜரின் என்றிருந்தது. தோழியோ வெண்ணெய்தான் வாங்கி வைத்திருந்தார், அவர் நினைவு தெரிந்த நாள் முதல் பாட்டி வெண்ணெயில்தான் செய்தார் என்பதால். அந்த அட்டை பாட்டி தம் தாயிடமிருந்து சிறுமியாக எழுதிக்கொண்டது. பிரிட்டனில் 1940இல் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் அளவு வைத்த ஆண்டுகளில், கிடைத்ததை வைத்து ஒரு தாய் சமாளித்த குறிப்புதான் அது. பிறகு கடைகளில் வெண்ணெய் வந்தது, பாட்டி கையை மாற்றிக்கொண்டார், அட்டையைத் திருத்தவில்லை. மூலம் என்று தோழி பற்றிக்கொண்டிருந்த தாள், ஏற்கெனவே மாற்றுப்பொருளின் தாள். தோழி நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “சரி, காக்வியை எடுங்கள்” என்றார்.

கோல்டன் சிரப்பை நாங்களே செய்தோம். அது வெறும் சர்க்கரைப் பாகன்று. சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என உடைந்திருப்பதால் மீண்டும் மணியாகாது. கேக்கின் ஈரத்தையும் காக்கும். எலுமிச்சையின் புளிப்பும் நீடித்த சூடும் அதே வேலையைச் செய்யும். லட்டுப் பாகு பூத்துப்போகாமலிருக்க எலுமிச்சை பிழியும் நம் பக்குவமும் இதுவே. அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துப் பதம் கேட்டேன். விவரத்தைக் கேட்டுவிட்டு, “லேகியத்துல மாவப் போட்டு வேகவைக்கிறீங்க, அவ்வளவுதானே? அந்தப் பொண்ணு சாப்பிடுதா? முதல்ல ரசம் வச்சுக் குடு” என்றார். ரசமும் வைத்தோம்.

செய்முறை இதோ. 100 கிராம் சர்க்கரையை இரண்டு மேசைக்கரண்டி நீரோடு பொன்னிறமாகும் வரை காய்ச்சி, 300 மி.லி. கொதிநீரைக் கவனமாக ஊற்றி (பொங்கித் தெறிக்கும்), மேலும் 400 கிராம் சர்க்கரையும் ஒரு வட்டம் எலுமிச்சையும் சேர்த்து, கிளறாமல், சிறு தீயில் முக்கால் மணி நேரம் வையுங்கள். ஒரு கம்பிப் பதத்தைச் சற்றுக் கடந்ததும் இறக்கலாம். பார்க்கினுக்கு: இந்தப் பாகு 150 கிராம், காக்வி 100 கிராம், வெண்ணெய் 150 கிராம், நாட்டுச் சர்க்கரை 80 கிராம் ஆகியவற்றை மெல்லிய சூட்டில் உருக்கி ஆறவையுங்கள். மைதா 200 கிராம், மிக்சியில் ரவையாக உடைத்த ஓட்ஸ் 120 கிராம், சுக்குப் பொடி ஒரு மேசைக்கரண்டி, ஆப்பசோடா ஒரு தேக்கரண்டி, சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்து, உருக்கியதை ஊற்றி, ஒரு முட்டையும் 60 மி.லி. பாலும் சேர்த்துக் குழையுங்கள். காக்வியின் புளிப்பு சோடாவைத் தூண்டி உப்பச் செய்யும். 20 செ.மீ. சதுரத் தட்டில் ஊற்றி, 150 பாகை செல்சியஸில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிறகு ஆறவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூன்று நாளேனும் மூடி வையுங்கள். அதிரச மாவைப் போல இதற்கும் காத்திருத்தலே பாதிப் பக்குவம். முதல் நாள் வறண்டிருப்பது நான்காம் நாள் பிசுபிசுத்துக் கனியும்.

அக்டோபர் 31, தீபாவளியன்று, தெருவெங்கும் வெடிச்சத்தம் கேட்க அதை அடுப்பிலிட்டோம். சுக்கு மணம் மாடிவரை ஏறியது. ஆங்கிலேயரின் ஜிஞ்சரும் நம் இஞ்சியும் ஒரே வேர் என்று தோழிக்குச் சொன்னேன். பழந்திராவிடத்தில் முதலில் சகரம் இருந்து, தமிழில் அது மறைந்தது. சகரத்தோடு கூடிய வடிவமும் ‘வேர்’ என்பதும் இணைந்து பாலியில் சிங்கிவேரமாகி, கிரேக்கம், லத்தீன் கடந்து இங்கிலாந்தை அடைந்தது என்பது அறிஞர் பலர் ஏற்ற விளக்கம். உங்கள் பாட்டியின் அட்டையில் எங்கள் ஊர்ச் சொல் முன்னரே எழுதப்பட்டிருக்கிறது என்றேன். அன்றுதான் அவர் சிரித்தார்.

நவம்பர் 5 இரவு மொட்டைமாடியில் டப்பாவைத் திறந்தோம். “பாட்டியுடையது ஓரத்தில் இன்னும் கடினமாக இருக்கும். இதில் இஞ்சி அதிகமாகச் சுடுகிறது” என்றார் தோழி. அதே போல் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாம் துண்டையும் மூன்றாம் துண்டையும் எடுத்துக்கொண்டார்.

ஆகவே, கடை கேட்ட நண்பர்களுக்கு என் விடை இதுதான். ஒரு பொருள் எங்கே கிடைக்கும் என்று தேடுமுன், அந்தக் குறிப்பில் அது என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். ட்ரீக்கிள் கசப்பும் ஈரமும் புளிப்பும் தருகிறது. அம்மூன்றையும் தரும் பொருள் உங்கள் சந்தையில் வேறு பெயரில் இருக்கக்கூடும். இல்லாமலும் போகலாம், அப்போது வேறு கேக் செய்யலாம்.

தோழி ஊர் திரும்பிச் சில மாதங்களாயின. பாட்டியின் அட்டை இப்போது அவரிடம் இருக்கிறதாம். ட்ரீக்கிள் என்ற சொல்லின் அருகே பென்சிலால், தேவநாகரியில், ‘காக்வி’ என்று எழுதிப் படம் அனுப்பியிருந்தார். மார்ஜரினை அடிக்கவில்லை. இன்னும் முப்பது ஆண்டு கழித்து லீட்ஸில் யாரேனும் ஒரு பேத்தி, அட்டையில் எழுதியபடியே செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக, காக்வியைத் தேடிக் கடைகடையாக அலையக்கூடும்.