ஒரு நாள் வாழ்ந்த ஓவியம்

ஓர் ஓவியத்தைக் கண்டதும் "வரைந்தவர் யார்?" என்று கேட்பது நம் வழக்கம். அப்படிக் கேட்டால் ஓர் ஊரையே சுட்டிக்காட்ட வேண்டிய ஓவியம் ஒன்றைப் பற்றி அண்மையில் படித்தேன்.

மெக்சிகோவின் தென்கோடியில் உள்ளது சியாப்பாஸ் மாநிலம். அதன் மலைக்காட்டுப் பள்ளத்தாக்கில் தானிபெர்லா என்றொரு சிற்றூர். மாயா இனத்தாருள் செல்தால் மொழி பேசும் உழவர்களின் ஊர் அது. 1994 ஜனவரி முதல் நாளன்று நிலமும் உரிமையும் கேட்டு அப்பகுதிப் பழங்குடி மக்கள் ஆயுதமேந்தி எழுந்தனர். 1998-இல் இவ்வூரார் தங்களுக்கென ஒரு தன்னாட்சி மன்றம் அமைத்து, அதன் சுவரில் ஓவியம் தீட்ட முனைந்தனர். மெக்சிகோ நகரிலிருந்து செர்ஹியோ வால்டெஸ் என்ற பேராசிரியர் துணைக்கு வந்தார். ஆனால் எதை வரைவது என்று ஊரார்தாம் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். தூரிகை பிடித்தவர்களும் அவர்களே!

இந்த இடத்தில் சற்று நின்றுவிட்டேன். என் தந்தையின் கையும் மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைதான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறியது நானே முதல். "சுவரில் என்ன வரையலாம்?" என்று எங்களை எவரும் கேட்டதில்லை.

அவர்கள் என்ன வரைந்தார்கள் தெரியுமா? மலைகள், ஆறு, பயிர், ஆணும் பெண்ணுமாய்த் தம் மக்கள், உழவருக்காகப் போராடி மாண்ட சபாத்தா. 'பெர்லா பள்ளத்தாக்கின் வாழ்வும் கனவும்' என்று பெயரும் சூட்டினர். மனிதருக்கு மட்டுமின்றி மலைக்கும் நீருக்கும் மக்காச்சோளத்துக்கும் உயிருண்டு என்பது அம்மக்களின் தொன்மையான நம்பிக்கை. மாயா இனத்தின் மற்றொரு பிரிவினரான கீச்சே மக்களின் புனித நூல் 'போபோல் வூ', முதல் மனிதர் மக்காச்சோள மாவால் ஆனவர் என்கிறது. இப்படி நம்புகிறவர்களுக்கு மலையும் ஆறும் வெறும் பின்னணி ஆகுமா? அவையும் உறவினர் அல்லவா!

1998 ஏப்ரல் 10, சபாத்தாவின் நினைவு நாள். அன்று மன்றம் திறக்கப்பட்டது. மறுநாளே இராணுவமும் காவல்துறையும் ஊருக்குள் புகுந்தன. ஓவியம் அழிக்கப்பட்டது. வால்டெஸ் சிறைக்குப் போனார்.

பின்னர் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் அதே ஓவியத்தைத் தத்தம் ஊர்ச் சுவர்களில் தீட்டினார்கள். "பார்த்தாயா, அழித்தவர்கள் தோற்றார்கள்!" என்றார் என் விடுதி நண்பர். பலர் கூடி வரைந்ததை வேறு பலர் கூடி மீண்டும் வரையலாம், உண்மைதான். எனினும் என் மனம் முழுதும் ஒப்பவில்லை. அயல்நாட்டு நகரத்தில் நின்று பார்ப்பவருக்குப் படத்திலுள்ள மலை மட்டுமே தெரியும். தானிபெர்லாவில் நின்றவளோ தலையைத் திருப்பினால் அந்த மலையையே கண்டிருப்பாள். மறுபடி சுவரைப் பார்த்தால் அங்கே தன்னையும் கண்டிருப்பாள். அவளுக்கு அது முழுமையாய்க் கிடைத்தது ஒரே ஒரு நாள்.