உகந்தைக்கு இந்தப் பக்கம்

உல்லைக்குப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது, "அப்ப உகந்தைக்கும் போவியா?" அவளுக்கு அந்தத் திசை என்றாலே கதிர்காமப் பாதைதான். கல்யாணத்துக்கு முந்தி ஒருதரம் பெரியம்மாவோடு மட்டக்களப்பிலிருந்து நடந்தே போனவள். பொத்துவில், பாணமை, உகந்தை, அதற்கப்பால் காடு. இரவெல்லாம் கடல் இரைந்து நித்திரையைக் கெடுத்தது என்பாள். அந்த இரைச்சலைத் தேடி அவுஸ்திரேலியாவிலிருந்து ஆள் வருகிறது என்றால் நம்பமாட்டாள்.

அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று ஊர்ந்து வந்த பஸ் பொத்துவிலில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஆட்டோ. 2004 சுனாமி உடைத்த பழைய பாலத்துக்குப் பதிலாகக் கட்டிய பாலத்தைக் கடந்தால் அறுகம்பை. ஊர்க்காரருக்கு அது இன்னும் உல்லைதான். ஒரே ஒரு தெரு. இரண்டு கடைக்கு ஒன்றில் அலைச்சறுக்குப் பலகை வாடகைக்கு. சில பெயர்ப்பலகைகளில் ஹீப்ரூ எழுத்தும் உண்டு. தமிழ் எழுத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. வைகாசியிலிருந்து ஐப்பசி வரை அலை தேடி வருகிறவர்களின் கூட்டம். மாரி தொடங்கினால் பாதிக் கடைக்குப் பூட்டு.

எனக்கு அலைச்சறுக்குச் சொல்லித்தந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது. முதலில் மணலில் பலகையைப் போட்டுக் குப்புறப் படுக்கவைத்தான். "எழும்புங்க அண்ணன்" என்பான், எழும்புவேன். "இப்பிடி எழும்பினா அலை போயிரும்" என்பான். நாற்பத்தேழு வயதில் ஒருவன் கடற்கரையில் படுத்துப் படுத்து எழும்புவதை மீன்வலை பிரித்துக்கொண்டிருந்த நாலுபேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

இந்த அலை தெற்கே வெகுதூரத்தில், இந்து சமுத்திரத்தின் குளிர்ந்த பகுதியில் அடிக்கிற புயல்களில் பிறக்கிறது. இங்கே வந்து குடாவின் தென்முனையில் தட்டி, வளைந்து, ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்குப் பாய் சுருட்டுவதுபோல உடைந்துகொண்டு போகிறது. கரையில் நிற்பவருக்கு அது இடப்பக்கம் ஓடும். பலகையில் கரையைப் பார்த்து இருப்பவருக்கு வலப்பக்கம். காலையில் தரைக்காற்று அலையின் முகத்தை நிமிர்த்தி வைத்திருக்கும். பத்து, பதினொரு மணிக்குக் கடற்காற்று எழும்பினால் எல்லாம் குழம்பிவிடும். அதனால் விடியமுன்னமே தெருவில் பலகைகள் நடமாடுகின்றன.

தண்ணீருக்குள் போனால் பெரும்பாலும் காத்திருப்புத்தான். இதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. பலகையில் கால் தொங்கப் போட்டு இருப்போம், ஒன்று வரும், "இது இல்ல" என்பான். இன்னொன்று. "இதுவும் இல்ல." அவனுடைய வாப்பா மீன்பிடிகாரர். "அலை கூடின நாள் வாப்பா தோணி தள்ள மாட்டார். எனக்கு அண்டைக்குத்தான் உழைப்பு" என்றான். இரண்டு மணித்தியாலத்தில் நான் எழும்பி நின்றது ஒருதரம், நாலு செக்கன். மற்ற நேரமெல்லாம் மூக்கால் உப்புத்தண்ணி. கணுக்காலில் கட்டிய கயிறு, ஓடிய பலகையோடு என்னையும் இழுத்துப்போனது. அந்த நாலு செக்கனைப் பற்றி மட்டும் இரவு முழுக்கக் கதைத்தேன் என்று கூட வந்தவர் சொல்கிறார்.

அடுத்த நாள் இருட்டோடு உகந்தைக்குப் போனோம், ஆட்டோக் கூரையில் பையனின் பலகையைக் கட்டிக்கொண்டு. பாணமை தாண்டியதும் வழியில் ஒரு தனி யானை. சாரதி லைட்டை அணைத்துவிட்டு இருந்தார். அது தன்பாட்டில் போனபிறகுதான் நாங்கள் போனோம். முருகன் கோயிலடியில் பாதயாத்திரைக்காரர் மரங்களுக்குக் கீழே படுத்திருந்தார்கள். காட்டுப்பாதை திறக்கக் காத்திருக்கிறார்களாம். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து நடந்து வந்தவர்களும் இருந்தார்கள். பாதங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

கடல் இரைந்தது. அம்மா சொன்னது இதைத்தான்.

காவி சுற்றிய ஒரு ஆச்சி பையனின் பலகையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதிலயோ தம்பி கடலுக்க போறது?"

"ஓம் ஆச்சி."

"எவ்வளவு தூரம்?"

"அந்தா, அந்தக் கல்லடி மட்டும். பிறகு அலையோட கரைக்கே வாறது."

"வந்து?"

"திரும்பவும் போறது."

ஆச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த திருநீற்றுப் பையை எடுத்தார். அவன் தொப்பியைப் பார்த்துவிட்டுத் திரும்ப மடியிலேயே செருகிக்கொண்டார். "கவனமாப் போயிற்று வா மனே" என்றார்.