தாள் ஒற்றும் நேரம்

பொந்தியான் வட்டாரத்தில், பெக்கான் நானாஸில், அப்பாவுக்கு மோட்டார் வைண்டிங் கடை. அன்னாசித் தோட்டத்துப் பம்புகள் காயில் கருகி வரும். பள்ளி விடுமுறையில் பழைய செம்புக் கம்பியை உருவியெடுப்பது என் வேலை. "கால் போல்ட்டை இறுக்குடா. இல்லன்னா பம்பு நிக்கும், மோட்டார்தான் சுத்தும்" என்பார்.

படிப்பு முடிந்து, இரண்டாவது பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். வேலை கற்றுக்கொடுத்தவர் மதுரைக்கார அக்கா ஒருவர். முதல் நாளே தெர்மஸ் தெர்மோபிலஸ் என்ற பாக்டீரியாவை ஒப்படைத்தார். ஜப்பானிய வெந்நீர் ஊற்றில் கிடைத்தது. 70 டிகிரியில் செழித்து வளரும். அந்தச் சூட்டில் அகார் தட்டு காய்ந்து சுருங்குவதால் ஜெல்லான் கம்மில் வளர்த்தோம். (அகார் மலாய்ச் சொல்தான். தீபாவளிக்கு அம்மா கிண்டும் அதே அகார் அகார்.) வெந்நீரில் வாழ்வதன் புரதங்கள் எளிதில் குலையாது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009இல் நோபல் பரிசு வாங்கித் தந்த ரைபோசோமும் இந்தப் பாக்டீரியாவினுடையதுதான்.

எங்களுக்கு வேண்டியது, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை உருவாக்கும் அதன் நொதி. செல் சவ்வுக்குள் 12 துண்டுகள் சேர்ந்த வளையம். புரோட்டான்கள் கடக்கக் கடக்க அது சுழலும். அதோடு நடுத்தண்டும் சுழலும். தண்டைச் சூழ்ந்து, பொம்பளிமாஸ் சுளைகளைப் போல ஆறு துண்டுகள் கொண்ட தலை. ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி. தலையும் கூடவே சுழன்றுவிட்டால் ஒன்றும் தேறாது. அதைப் பிடித்து நிறுத்த ஓரத்தில் இரண்டு தாங்குதண்டுகள். படத்தைப் பார்த்ததும் "கால் போல்ட்!" என்று கத்திவிட்டேன். பேசிலஸ் பிஎஸ்3 என்ற இன்னொரு வெப்பவிரும்பிக்குத் தாங்குதண்டு ஒன்றே, வளையத்தில் 10 துண்டுகள். அதன் நடுத்தண்டில் ஒளிரும் ஆக்டின் இழையை ஒட்டி, அது சுழல்வதை ஜப்பானியர் 1997இல் நுண்ணோக்கியிலேயே பார்த்துவிட்டார்கள்.

நாங்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது உறைந்ததை. மூன்று மில்லிமீட்டர் வட்டச் சல்லடையில் ஒரு துளி நொதிக் கரைசல், வடிதாளால் ஒற்று, உடனே திரவ ஈத்தேனில் முக்கு. நீர் படிகமாக நேரமில்லாமல் கண்ணாடியாக இறுக வேண்டும். சொல்ல இவ்வளவுதான். கூடுதலாக ஒற்றினால் சல்லடை காய்ந்து நொதி நசுங்கும். குறைத்தால் பனி தடித்து எலக்ட்ரான் புகாது. கரைசலில் டிடர்ஜென்ட் இருப்பதால் துளி பரவும் விதமே வேறு. இரண்டு மாதம் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒருநாள், உறைந்த சல்லடைகளைக் குளிரில் வைத்திருக்கும் திரவ நைட்ரஜனை நிரப்பாமல் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பன்னிரண்டு சல்லடைகளும் பாழ். அக்கா திட்டவில்லை. "தம்பி, முதல்ல அதுக்கு ஊத்து, அப்புறம் நீ சாப்பிடு" என்றார்.

நல்ல சல்லடை கிடைத்த பிறகு கணினி வேலை. ஒவ்வொரு நொதியும் ஒவ்வொரு நிலையில் உறைந்திருக்கும். லட்சக்கணக்கான மங்கல் படங்களைப் பிரித்துக் கூட்டினால், தண்டு ஏறத்தாழ 120 டிகிரி திரும்பித் திரும்பி நிற்கும் மூன்று உருவங்கள் வரும்.

வீட்டில் காட்டினேன். "இது சுத்துறத நீ பாத்தியா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. நின்னதைத்தான்."

"நானும் நின்ன மோட்டாரைத்தானே பிரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, எத்தனை விநாடி ஒற்ற வேண்டும் என்று கேட்டார்.

அந்த அறையில், அந்தத் தாளில், என் கைக்கு மூன்றரை.