ஊரை விட்டு ஓடப் பார்த்த சாமியார்

1815 ஆகஸ்ட் 13 அன்று கிரெனோபிளில் ஜான் மரிய வியான்னிக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கும் அனுமதியை மட்டும் கொடுக்கவில்லை. பூசை வைக்கலாம், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காரக் கூடாது. ஓர் ஆன்மாவுக்கு வழிகாட்டும் அளவுக்கு அவருக்குப் படிப்பு போதாது என்று மேலிடம் நினைத்தது. பிற்காலத்தில் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரை அதே தொட்டியில் அடைந்து கிடந்தவர் அவர். பிரான்சின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் மக்கள் அவரைத் தேடிவந்து நாள்கணக்கில் காத்திருந்தார்கள். புனிதர் வரலாறுகளில் நான் புதுமைகளை வேகமாகப் புரட்டிவிடுவேன். மறுக்கப்பட்ட இந்த அனுமதியிடம் மட்டும் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன்.

இலத்தீன் அவருக்கு ஏறவேயில்லை. லியோனுக்கு அருகே தார்திய்யி என்ற ஊரில் விவசாயி மகனாகப் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியில் குருக்கள் தலைமறைவாகப் பூசை வைத்த காலத்தில் வளர்ந்தவர். எக்குய்யி பங்குத்தந்தை பாலேயிடம் பாடம் படிக்கப் போனபோது வயது 20 ஆகிவிட்டது. கூடப் படித்தவர்கள் சிறுவர்கள். அவர்களில் மத்தியாஸ் லோராஸ் என்ற கெட்டிக்காரப் பையன் பாடம் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டு, இவருக்குப் புரியவில்லையே என்ற எரிச்சலில் ஒருநாள் அடித்தே விட்டானாம். அடிபட்டவர் முழந்தாளிட்டு அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டாராம். பையன் அழுதுவிட்டான். பின்னாளில் அவன் அமெரிக்காவில் துபுக் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானான். எனக்கு இதில் ஆயரைவிட, முழந்தாளிட்ட அந்த இருபது வயதுக்காரன்தான் முக்கியம். தன் மந்தத்தனத்துக்காக அவன் எவ்வளவு வெட்கப்பட்டிருக்க வேண்டும்!

லியோன் குருமடம் சில மாதங்களிலேயே அவரைத் திருப்பி அனுப்பியது. அங்கேயே கதை முடிந்திருக்கும், பாலே சாமி விட்டிருந்தால். அவர் விடவில்லை. வீட்டில் வைத்துப் பிரெஞ்சிலேயே இறையியல் சொல்லிக்கொடுத்தார். தேர்வில் வாயடைத்து நின்ற மாணவனுக்காகப் பெரியவர்களிடம் நேரில் போய் வாதாடினார். கடைசியில் முதன்மைக் குரு கூர்போன், இந்த ஆள் பக்தியுள்ளவரா, செபமாலை சொல்லுவாரா என்று மட்டும் விசாரித்தாராம். மற்றதைக் கடவுளின் அருள் பார்த்துக்கொள்ளும் என்று சம்மதித்துவிட்டார். சில மாதங்கள் கழித்துப் பாவசங்கீர்த்தன அனுமதியும் வந்தது. முதல் ஆளாக வந்து அவர் முன் முழந்தாளிட்டவர் பாலே சாமி. இலத்தீன் வேற்றுமை உருபுகளோடு மாணவன் பட்ட பாட்டையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர், தம் பாவங்களை அவனிடமே சொன்னார்! பாலே சாமி இறந்த பிறகு அவருடைய சிறிய முகக்கண்ணாடி ஒன்றை வியான்னி கடைசிவரை வைத்திருந்தாராம். அந்த முகம் அதில் தெரிந்திருக்கிறது என்பதுதான் காரணம்.

யாத்திராகமத்தில் மோசே சாக்குச் சொல்லும் பகுதியும் இந்த வழியில்தான் போகிறது. நான் யார், என்னை எவன் நம்புவான், எனக்குப் பேச வராது என்று அடுக்குகிறார். உனக்கு நன்றாகப் பேச வரும் என்று ஆண்டவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. கூட இருப்பேன் என்கிறார். கடைசியில், கோபத்தோடுதான், அண்ணன் ஆரோனைத் துணைக்குத் தருகிறார். இன்று தன்னம்பிக்கை மேடைகளில் ‘உன்னால் முடியும்’ என்று உரக்கச் சொல்கிறார்கள். உண்மையிலேயே முடியாதவனுக்கு அதனால் என்ன பயன்? முடியாது என்பதை ஒப்புக்கொண்ட பிறகும் அனுப்பும் கடவுளைத்தான் என்னால் நம்ப முடிகிறது.

1818-ல் வியான்னியை ஆர்ஸுக்கு அனுப்பினார்கள். 230 பேர் கொண்ட குக்கிராமம். பேர் பரவியதும் சுற்றுவட்டாரக் குருக்கள் சிலருக்குப் பொறுக்கவில்லை. படிப்பில்லாத இவருக்குப் பங்கை நடத்தத் தகுதியில்லை என்று ஆயருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். அது தவறிப்போய் இவர் கைக்கே வந்ததாம். இவர் அதைப் படித்துப் பார்த்துத் தம் கையெழுத்தையும் போட்டு அனுப்பிவைத்தார். இதைத் தாழ்ச்சிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ அதில் எழுதியிருந்ததை அவர் அப்படியே நம்பித்தான் கையெழுத்திட்டார் என்று தோன்றுகிறது. ஏனென்றால் அவர் ஊரை விட்டு ஓடவும் பார்த்தார், ஒரு முறைக்கு மேல். 1853 செப்டம்பரில், 67 வயதில், நடுச்சாமத்தில் கிளம்பினார். எங்காவது ஒரு மூலையில் தம் பாவங்களுக்காக அழுது தீர்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. விஷயம் கசிந்துவிட்டது. ஆலய மணி அடித்தது, ஊர் திரண்டது. உதவிக் குரு தொக்கானியே அவருடைய செபப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். வெளியூரிலிருந்து வந்து காத்திருந்தவர்கள் எங்கள் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுவிட்டாவது போங்கள் என்று கெஞ்சினார்கள். அவர் திரும்பிப் போய்த் தொட்டியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் தகுதி வந்துவிட்டதாக அவர் நினைக்கவில்லை. 1859-ல் இறக்கும்வரை அந்த எண்ணத்தோடேயே இருந்தார், அந்தத் தொட்டியிலேயே இருந்தார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது எனக்குப் பெரிய ஆறுதல். தாழ்வுணர்ச்சி முதலில் தீரட்டும், பிறகு ஆண்டவருக்கு ஏதாவது செய்வோம் என்று காத்திருந்தே வயதைத் தொலைத்த நல்லவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் பங்கில் ஞாயிறு மறைக்கல்விக்கு இந்த ஆண்டும் ஆள் தேடினோம். கல்லூரி முடித்த பெண் ஒருத்தி நன்றாகச் செய்வாள் என்று தோன்றியது. கேட்டபோது தலையை ஆட்டினாள். “எனக்கே பைபிள் சரியாத் தெரியாது சார். பிள்ளைங்க ஏதாவது கேட்டா முழிப்பேன்.” தெரியும் என்று நான் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அவளே கேட்டாள், “முதல் சில வாரம் நீங்களும் கிளாஸ்ல உட்காருவீங்களா?”

“உட்காருறேம்மா” என்றேன்.