ஆசிரியரிடம் எதைச் சொல்லப் போகின்றீர்கள்?

பெற்றோர் கூட்டத்திற்கு வருமாறு பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டால், நம் வீடுகள் பலவற்றில் பிள்ளையை நோக்கி முதலில் எழும் வினா, "என்ன சேட்டை செய்தாய்?" என்பதாகவே இருக்கின்றது. அழைப்பைக் குற்றப்பத்திரிகையாகவே எண்ணிக் கொள்கின்றோம். வாப்பாவுக்கு வேலை, உம்மாவுக்குக் கூச்சம். முடிவில் மூத்த மகனை அனுப்பி, மதிப்பெண் அட்டையை வாங்கிவரச் செய்வதோடு கடமை தீர்ந்துவிடுகின்றது.

அன்பார்ந்த பெற்றோர்களே! வரலாற்றில் பட்டம் பெற்று, பின்னர் மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் பணியில் பல்லாண்டுகளாக இருந்து வருபவன் என்ற முறையில் உங்களிடம் ஒன்றைக் கூற விரும்புகின்றேன். அந்தக் கூட்டத்திற்கு நீங்கள் கேட்பதற்காக மட்டும் செல்லவில்லை, சொல்வதற்காகவும் செல்கின்றீர்கள். நாற்பது பிள்ளைகளை ஒருசேரப் பார்க்கும் ஆசிரியருக்கு உங்கள் பிள்ளையின் வீடு தெரியாது. அவன் எத்தனை மணிக்கு உறங்குகின்றான், எதற்கு அஞ்சுகின்றான், ஃபஜ்ருக்குப் பின் ஓத வந்துவிட்டு, பசியாறாமலேயே பள்ளிக்கு ஓடுகின்றானா என்பதெல்லாம் நீங்கள் சொன்னாலன்றி அவருக்கு எட்டாது.

நெல்லைப் பக்கத்தில் என்னிடம் ஓதிய ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். வாப்பா சவூதியில் ஓட்டுநர். உம்மா வீட்டிலிருந்து பீடி சுற்றுபவர். அவனுடைய நாவில் ஸீனும் ஷீனும் ஸாதும் ஒன்றாகவே ஒலிக்கும். என் வாயசைவைப் பார்த்துக் கொண்டு சொன்னால் மக்ரஜ் சரியாக வரும். கிதாபில் பார்வையைத் தாழ்த்தியதும் மீண்டும் பிழை. பள்ளியிலோ, சொல்வதெழுதுதலில் மிகக் குறைந்த மதிப்பெண். "கவனக்குறைவு" என்று அட்டையில் இரண்டு பருவங்களாக எழுதி வந்தது. உலகப் படிப்பு ஏறாதவனை வெளியூர் மதரஸாவில் ஹிஃப்ழுக்காவது சேர்த்துவிடலாம் என்று குடும்பத்தில் பேச்சு எழுந்துவிட்டது. (பள்ளியில் தேறாத பிள்ளைக்குரிய இடம் மதரஸா என்னும் எண்ணம் எனக்கு ஒருபோதும் உடன்பாடன்று. குர்ஆனை மனனம் செய்வதற்குக் கூர்ந்த செவியும் நினைவாற்றலும் வேண்டாமா?)

அந்த உம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் தம் நாத்தனாரைத் துணைக்கு அழைத்துக் கொண்டு கூட்டத்திற்குச் சென்றார். பேச்சுவாக்கில், "டி.வி.யை ரொம்பச் சத்தமா வைக்கிறான் டீச்சர். வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தால் காதில் சீழ் வருகிறது" என்றிருக்கின்றார். எதிரில் நின்று கேட்டால் விடை சொல்லும் பையன், கரும்பலகைப் பக்கம் திரும்பியபடி கேட்டால் விழிக்கின்றானே என்பது ஆசிரியைக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலை அந்த உம்மா என்னிடம் இதைக் கூறியபோது, நான் கண்டதையும் சொன்னேன். மூவரிடம் மூன்று துண்டுகளாகக் கிடந்த செய்தி அன்றுதான் ஒன்று சேர்ந்தது.

அரசு மருத்துவமனையில் இடது செவிப்பறையில் துளை இருப்பதைக் கண்டறிந்தார்கள். மருந்து கொடுத்து, காதில் நீர் புகாமல் காக்கும் முறையையும் கற்பித்தார்கள். வகுப்பில் இடப்புற ஓரமாக முதல் வரிசைக்கு அவனுடைய இருக்கை மாறியது. அங்கு அமர்ந்தால் நன்கு கேட்கும் வலது காது ஆசிரியையை நோக்கி இருக்குமல்லவா? ஆண்டிறுதியில் சொல்வதெழுதுதலில் தேறிவிட்டான். கணக்கு இன்னும் இழுபறிதான். வெளியூர் அனுப்பும் பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமையென்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 24-ஆம் பிரிவில் கூறுகின்றது. ஆகவே, நீங்கள் ஆசிரியரிடம் சலுகை கேட்டுப் போகவில்லை. மதரஸாக்களுக்கு இச்சட்டம் பொருந்தாதென 2012-இல் திருத்தம் வந்தது உண்மையே. அதற்காக நம் மக்தபுகளில் பெற்றோரைக் கண்டு பேசும் வழக்கமே இல்லாதிருப்பது எவ்வகையில் நியாயம்?

இன்னொன்று. ஆசிரியரைக் கண்டதும், "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று பிள்ளையின் முன்னிலையிலேயே சொல்லும் வாப்பாமார்கள் இன்றும் இருக்கின்றார்கள். அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கின்றது. சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, 1377-இல் எழுதி முடித்த முகத்திமாவில் இப்னு கல்தூன், கடுமையால் வளர்க்கப்படும் மாணவன் ஊக்கம் இழந்து பொய்யிலும் சூதிலும் ஒதுங்கிக் கொள்வான் என்று விளக்கியிருக்கின்றார். பிள்ளையின் குறைகளை அவன் இல்லாதபோது பேசுங்கள்.

"எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால், "பரவாயில்லை" என்ற விடைதான் கிடைக்கும். நோட்டுப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பாடம் வரை தெளிவாகச் செய்தான், எங்கிருந்து தடுமாறினான், புரியாதபோது கேட்கின்றானா, மௌனமாக இருக்கின்றானா, யாருடன் உட்காருகின்றான் என்று கேளுங்கள். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது யாது என்பதையும், மீண்டும் எப்போது வரலாம் என்பதையும் கேட்காமல் எழுந்துவிடாதீர்கள். ஆசிரியர் ஆணாக இருந்து தனியே பேசத் தயக்கமாயின், அந்த உம்மாவைப் போல ஒரு துணையோடு செல்லலாம். வாப்பா வெளிநாட்டில் இருந்தால், ஆசிரியருக்கு வசதியான நேரத்தைக் கேட்டறிந்து, கைபேசியில் ஐந்து நிமிடம் அவரையும் பேச வையுங்கள்.

வீடு திரும்பியதும், வாசலில் காத்து நிற்கும் பிள்ளையிடம், ஆசிரியர் அவனைப் பற்றி நல்லதாகக் கூறிய ஒன்றை முதலில் சொல்லுங்கள். மற்றவற்றை அவன் சாப்பிட்ட பிறகு பேசிக் கொள்ளலாம்.