வீடும் பள்ளியும் ஊரும்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம் முன்னோர் மொழி. அதனைக் கூறும்போதெல்லாம் குழந்தையையே குறைசொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஐந்து வயதில் வளர்த்தெடுக்க வேண்டிய கைகள் எங்கே இருந்தன என்று எவரும் வினவுவதில்லை. குழந்தையின் அறிவும் நலனும் அதனோடு பிறந்து தாமாகவே முதிர்வன அல்ல. வீடு, பள்ளி, ஊர் ஆகிய மூன்றும் கைகோத்து வளர்ப்பவை. இவற்றுள் ஒன்று கைவிட்டால் மற்றொன்று தாங்க வேண்டும். மூன்றும் கைவிட்டால் குழந்தை என் செய்யும்? இதனை நூல்களில் கற்பதற்கு முன்பே எம் வீட்டுத் திண்ணையில் கற்றோம்.

நாம் பிறந்து வளர்ந்தது நெல்லையை அடுத்த மேலப்பாளையம். கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற அவ்வூரில், நம் இளமைக் காலத்தில் தறியோசை தேய்ந்து பீடித்தொழில் வீடுதோறும் புகுந்திருந்தது. நனைத்து வைத்த இலையை அளவுத் தகடு வைத்து வெட்டுவது, தூளிட்டுச் சுருட்டுவது, நூலால் கட்டுவது, வாயை மடக்குவது எனப் பெண்களின் பகற்பொழுது முழுவதும் முறத்தின் முன்னே கழியும். 25 பீடிகள் ஒரு கட்டு. 40 கட்டுகள் ஓர் ஆயிரம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்பது கூலி. மடக்குவதும் கட்டுவதும் பிள்ளைகளின் வேலை. தூளின் நெடி உறக்கத்திலும் நம்மை விட்டு நீங்கியதில்லை.

ராத்தா நம்மினும் மூன்று வயது மூத்தவர். கணக்கில் அவருக்கு நிகர் அத்தெருவில் இல்லை. கடைக் கணக்கர் எழுதுகோலை எடுப்பதற்குள், கழித்துப் போட்டவை போக எத்தனை பீடிக்குக் கூலி என்பதைச் சொல்லிவிடுவார். பெருக்கல் வாய்பாட்டை நமக்குக் கற்பித்தவரும் அவர்தாம். முறத்தில் அடுக்கிய கட்டுகளே நமக்குப் பாடநூல்.

1972-ஆம் ஆண்டு ஐந்தாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. வாப்பா நோயுற்றிருந்தார். உம்மாவின் ஒரு முறம் ஐந்து வயிறுகளுக்குப் போதவில்லை. “பொம்பளப் புள்ளைக்கு இது போதும்” என்றனர் உறவினர். இரண்டாவது முறம் ராத்தாவின் மடிக்கு வந்தது. அவர் அழவில்லை என்றே அனைவரும் கூறினர், பார்த்தவர் எவருமில்லை.

மூன்றாண்டுகள் கழித்து நாமும் பள்ளிக்குச் செல்லாமல் பாளையங்கால்வாயில் நீந்திக் கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் மாலை வகுப்பாசிரியர் எம் வீட்டு வாசலில் வந்து நின்றார். “பையன் எங்கே?” என்று மட்டுமே கேட்டார். வாப்பா தலைகுனிந்தார். மறுநாள் நாம் வகுப்பில் இருந்தோம். நம்மைக் கல்லூரி வரை கொண்டு சேர்த்தது அந்த ஒரு வருகையே என்று இன்றும் நம்புகிறோம். ராத்தா படித்ததும் அதே பள்ளியில்தான். அவர் நின்றபோது கேட்க எவரும் வரவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், பெண்கல்வி குறித்த கூட்டம் ஒன்றில் நாம் சொற்பொழிவாற்றினோம். பெண்கள் பகுதியில் ராத்தாவும் அமர்ந்திருந்தார். வீடு திரும்பியதும், “நல்லாப் பேசுன, தம்பி. அன்னைக்கு எனக்காகவும் ஒரு வாத்தியாரு வந்து கேட்டிருந்தா, உம்மா அனுப்பியிருப்பாக” என்றார். அதில் குறைகூறும் தொனி இல்லை. கடையில் கணக்குச் சொல்லும் அதே குரல்தான். நாம் விடையின்றி நின்றோம். நம் கல்லூரிக் கட்டணம் அவருடைய முறத்திலிருந்து வந்தது என்பதை அம்மேடையில் நாம் கூறவில்லை. இம்மலரில் கூறுகிறோம்.

அரசு செய்தது சிறிதன்று. பசித்த வயிற்றில் எழுத்து ஏறாது என்றுணர்ந்து காமராசர் ஆட்சி 1956-இல் மதிய உணவைப் பள்ளிக்குக் கொணர்ந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1976-இல் வந்தது. அந்நிதியிலிருந்து தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் கிடைத்தது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலில் சிறுவரை அமர்த்துவதைத் தடுத்தது. ஆயினும் குடும்பத்தாரின் துணையோடு வீட்டில் நடக்கும் வேலைக்கு அது விலக்களித்தது. எம் தெருவில் வேலை நடந்ததோ வீட்டிற்குள்தான்! சட்டம் வாசற்படியோடு நின்றுவிட்டது. 6 முதல் 14 வயது வரை கல்வியை உரிமையாக்கிய சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தபோது, ராத்தாவின் விரல்கள் காய்த்துப் போயிருந்தன.

வாசற்படிக்கு உள்ளே சட்டம் செய்ய இயலாததை ராத்தாவே செய்தார். தம் வீட்டில் இரண்டு விதிகளை வகுத்தார். பிள்ளைகளின் கை இலையைத் தொடலாகாது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் முறம் மூலைக்குப் போகும், வானொலியும் வாய்திறவாது, பிள்ளைகள் படிப்பர், அவர் அருகில் அமர்ந்திருப்பார். அந்த நேரத்தில் குறைந்த கட்டுகளுக்கான கூலியை அவர் மனமுவந்து இழந்தார். அவருடைய மகள் கணிதத்தில் பட்டம் பெற்று இன்று ஆசிரியையாகப் பணியாற்றுகிறார். தம் வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிடில் வீடு தேடிச் செல்கிறார். எவர் சொல்லி இதனைக் கற்றார் என்று நாம் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

பெற்றோரே, பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் உங்களை அளியுங்கள். அது தரும் துணிவை எந்த விலையுயர்ந்த பள்ளியும் தாராது. ஆசிரியப் பெருமக்களே, வருகைப் பதிவேட்டில் இடும் ஒவ்வொரு குறிக்குப் பின்னும் ஒரு வீடு உண்டு. சமுதாயப் பெரியோர்களே, தெருவில் எந்த வீட்டில் திருமணம் என்பதை அறிந்துள்ள நாம், எந்த வீட்டில் ஒரு பிள்ளை படிப்பை விட்டது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். மாணவச் செல்வங்களே, நீங்கள் இவ்வகுப்பறையில் அமர்வதற்காக எவருடைய படிப்பு நின்றது என்பதை இன்றிரவு வீட்டில் கேட்டறியுங்கள்.

ராத்தாவுக்கு இனி நாம் செய்யக்கூடியது ஏதுமில்லை. பள்ளிக்கு வராத பிள்ளையின் வாசலில் போய் நின்று, “பிள்ளை எங்கே?” என்று கேட்பது ஒன்றே நம்மிடம் எஞ்சியுள்ள கடன். கேட்போம்.